காசநோய் மருந்து நெல்லுக்கு எதற்கு?

சாந்தோமில் வீடு, வயல் செங்கல்பட்டுப் பக்கம். போன பருவத்தில் நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல். கடைக்காரர் நீட்டிய பொட்டலத்தில் 'ஸ்ட்ரெப்டோமைசின்' என்று இருந்தது. வங்கியில் கூட வேலை பார்த்தவருக்குக் காசநோய்க்குப் போட்ட ஊசியாச்சே இது!

1943-ல் மண் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைத்த மருந்து. பாக்டீரியா புரதம் கோர்க்கும் பட்டறை ரைபோசோம். அதில் பெரும்பகுதி ஆர்.என்.ஏ. சங்கிலிதான். அது மடிந்து உண்டாகும் குழியில் இந்தச் சின்ன மூலக்கூறு, லாக்கரில் சாவி மாதிரி, பொருந்தி உட்காரும். புரதம் தப்பும் தவறுமாகக் கோர்க்கப்பட்டு பாக்டீரியா செத்துப்போகும். 2000-ல் இதைப் படமாகக் காட்டியது நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு (2009-ல் நோபல் வாங்கினாரே, அவர்தான்).

பொருளைக் கண்டறியவும் இந்தப் பொருத்தம் உதவும். 1994-ல் ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த ஓர் ஆர்.என்.ஏ., ஆஸ்துமா மருந்தான தியோபிலினைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு மெத்தில் கூடுதலாக உள்ள காஃபினை ஒதுக்கிவிடும். அவ்வளவு கறார்!

அந்தக் கறார்தான் வம்பும். பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினாலே மருந்து ஒட்டாமல் போகலாம். தெளிக்கத் தெளிக்க, அப்படி மாறியவை மட்டும் தப்பிப் பெருகும். பயிருக்கு இதைத் தடைசெய்ய 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது.

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கில், லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பசுஞ்சாணம் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டி அடித்தேன். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை.