பிள்ளைகளின் தூக்கத்தைக் குறைப்பது எது?

பரீட்சையில் மார்க் குறைந்தால் டியூஷனை மாற்றுகிறோம். பிள்ளை எரிந்து விழுந்தால் செல்போனைத் திட்டுகிறோம். நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த உரிமையில் தூக்கமும் அடங்கும்.

எவ்வளவு தேவை?

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 24 மணி நேரத்தில் தேவையான தூக்கம்:

3 முதல் 5 வயது வரை: 10 முதல் 13 மணி நேரம் (பகல் தூக்கம் சேர்த்து)
6 முதல் 12 வயது வரை: 9 முதல் 12 மணி நேரம்
13 முதல் 18 வயது வரை: 8 முதல் 10 மணி நேரம்

இதை நம் வீட்டுக் கடிகாரத்தோடு பொருத்திப் பாருங்கள். சுபுஹுக்கும் மக்தபுக்கும் காலை 5.30க்கு எழும் பத்து வயதுப் பிள்ளை, குறைந்தபட்ச 9 மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு 8.30க்குள் தூங்கியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கெடு இரவு 9.30. அவன் 11 மணிக்குத் தூங்கினால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் குறைகிறது. ஆறு நாளில் 9 மணி நேரம்; அதாவது ஒரு முழு இரவுத் தூக்கத்துக்கும் மேல்.

இரவைப் பின்னுக்குத் தள்ளுபவை

முதலாவது, வீட்டுப் பெரியவர்களின் நேரம். ஒப்பணக்கார வீதி, டவுன்ஹால் பக்கம் கடையில் வேலை பார்க்கும் அத்தா வீடு திரும்ப இரவு 10 மணி தாண்டிவிடுகிறது. அவர் முகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள். இந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சந்திப்பைக் காலை நாஷ்டாவுக்கு மாற்ற முடியும்.

இரண்டாவது, இடம். ஒரே அறையுள்ள வீட்டில் டிவி ஓடினால் எல்லோரும் விழித்திருக்க வேண்டியதுதான். அங்கே பிள்ளையை மட்டும் “போய்த் தூங்கு” என்று சொல்வதில் பயனில்லை; விளக்கும் டிவியும் எல்லோருக்கும் சேர்த்தே அணைய வேண்டும்.

மூன்றாவது, செல்போன். அதன் வெளிச்சம் ஒருபுறம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். அடுத்தடுத்து வரும் வீடியோவும் நண்பர்களின் மெசேஜும் மறுபுறம் நிறுத்தவே விடாது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்றால், அதை மஃரிபுக்குப் பிறகே பார்த்து முடித்துவிடலாம்.

நான்காவது, டீ. அதிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவுப் படிப்புக்கென்று போட்டுக் கொடுக்கும் டீ, படித்து முடித்த பிறகும் தூங்கவிடாது.

வளரும் பிள்ளை சோம்பேறியா?

பருவ வயதில் உடலின் உள் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. தூக்கத்துக்கு அடையாளம் தரும் மெலடோனின் அப்போது தாமதமாகச் சுரக்கிறது. இந்தத் தாமதம் 2 மணி நேரம் வரைகூட இருக்கலாம். 9 மணிக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை என்று மகள் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் காலை ஸ்பெஷல் கிளாஸும் பள்ளி பஸ்ஸும் அவளுக்காகக் காத்திருப்பதில்லை. இரு பக்கமும் தூக்கம் நறுக்கப்படுகிறது.

இதனால்தான் பள்ளி நேரமும் கேள்விக்கு வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. ஆய்வு செய்தபோது மாணவர்கள் தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. நம் நாட்டில், பிள்ளைகளின் தூக்கம் குறைவதை 2023 டிசம்பரில் மகாராஷ்டிர ஆளுநர் ரமேஷ் பைஸ் சுட்டிக்காட்டினார். 2024 பிப்ரவரியில் அம்மாநில அரசு, நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் வகுப்பு தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நம் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் ஸ்பெஷல் கிளாஸ் நேரம் பற்றி நாமும் கேட்கலாம். தேர்வு மாதங்களில் பெரிய பிள்ளைகளுக்கு மக்தபை மாலையில் வைக்க முடியுமா என்று ஜமாஅத்திலும் பேசலாம்.

ரமளானும் தேர்வும்

2025இல் தமிழ்நாட்டில் முதல் நோன்பு மார்ச் 2; பிளஸ் டூ தேர்வு தொடங்கியது மார்ச் 3. இப்படி இரண்டும் சேரும் ஆண்டுகளில், தராவீஹ் முடிந்த உடனே வீடு திரும்பிப் படுப்பதும், பரீட்சை முடிந்து வந்து அஸருக்கு முன் சற்றுத் தூங்குவதும் பிள்ளைக்குக் கைகொடுக்கும். தெருவில் ஸஹர் வரை அரட்டை அடித்துவிட்டுத் தேர்வுக்குப் போவது ஆபத்து.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

தினமும் சத்தமாகக் குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கும் குழந்தைக்கு டான்சில் அல்லது அடினாய்டு வீக்கம் இருக்கலாம். இரவில் கால்களை ஓயாமல் அசைக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள மருத்துவரிடமோ காட்டுங்கள்.

இந்த வாரம் வீட்டில் செய்ய

1. ஏழு நாள் பிள்ளை தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் காலண்டரில் குறியுங்கள்.
2. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். அந்தப் பழக்கத்தைப் பெரியவர்கள் முதலில் கடைப்பிடியுங்கள். இரவு எல்லாச் செல்போன்களும், அம்மா அத்தாவுடையது உட்பட, ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும்.
3. படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். ஒரேயடியாக மாற்றினால் நிலைக்காது.
4. பகல் தூக்கம் லுஹருக்குப் பின் 20, 30 நிமிடம் போதும். அஸருக்குப் பின் தூங்கினால் இரவில் தூக்கம் வராது.
5. ஞாயிற்றுக்கிழமை சுபுஹுக்குப் பின் நண்பகல் வரை தூங்க விடாதீர்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கட்டும், அதற்கு மேல் போனால் திங்கட்கிழமை காலை எழுவது கஷ்டமாகும்.

ஏழாம் நாள் அந்தக் குறிப்பைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த நாளில் தூக்கம் குறைந்தது, ஏன் குறைந்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு நல்ல உடல்நலத்தையும் பயனுள்ள கல்வியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.