ஓத வராத பிள்ளைக்கு எந்த வழி?



அல்லாஹ்வின் நல்லடியார்களே! எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு உங்கள் மஹல்லாவின் மக்தப் மதரஸாவில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஹஜ்ரத், அவரைச் சுற்றி முப்பது பிள்ளைகள். ஹஜ்ரத் ஒருமுறை ஓதிக்காட்டியதும் அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளை ஒன்று இருக்கும். கேட்டால் பதியாது, எழுத்தைப் பார்த்தால்தான் பதியும் என்ற பிள்ளை ஒன்று இருக்கும். இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத பிள்ளையும் இருக்கும். மூன்று பேருக்கும் பாடம் ஒன்று, சொல்லித் தரும் முறையும் ஒன்று. மூன்றாவது பிள்ளை மூன்று வருடமாக காயிதாவிலேயே நிற்பான். பிறகு வருவதை நிறுத்திவிடுவான். இவனுக்கு ஓதல் வராது என்று வீட்டிலும் முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்தப் பையன் எங்கும் போய்விடுவதில்லை. இருபத்தைந்து வயதில் ஜுமுஆவுக்குக் கடைசி நேரத்தில் வந்து வாசல் ஓரம் நிற்பான். தகப்பனார் மவுத்தாகி, மகனே முன்னால் நின்று ஜனாஸா தொழவைக்கட்டும் என்று ஜமாஅத்தார் சொல்லும்போது பின்னால் நகர்ந்துகொள்வான். அன்றைக்கு அவன் மனதில் இருக்கும் வெட்கத்துக்கு அவன் மட்டும்தான் பொறுப்பா? நம் மதரஸா ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்தது, அதன் வழியே அவனால் நுழைய முடியவில்லை என்பதும் காரணம் இல்லையா?

நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பாருங்கள். மனிதன், அவனைச் சூழ்ந்திருக்கும் மரணம், அதையும் தாண்டி நீளும் அவனது ஆசை, இவற்றைப் புரியவைக்க ஒரு சதுரம் வரைந்தார்கள். நடுவில் ஒரு கோடு போட்டு அதைச் சதுரத்துக்கு வெளியே நீட்டினார்கள். பக்கத்தில் சிறு சிறு கோடுகள் போட்டு, அவை வாழ்க்கையில் வரும் சோதனைகள் என்றார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. இன்று நாம் படம் போட்டு விளக்குவது என்கிறோமே, அதுதான் இது. மிம்பர் செய்து வைக்கப்பட்டபோது அதன் மீது நின்று தொழுதார்கள். ஸஜ்தாவுக்கு மட்டும் பின்பக்கமாக இறங்கி வந்து, மிம்பரின் அடியில் ஸஜ்தா செய்துவிட்டு மறுபடியும் ஏறினார்கள். தொழுகை முடிந்ததும், மக்கள் பார்த்துப் பின்பற்றவும் கற்றுக்கொள்ளவுமே அப்படிச் செய்ததாக விளக்கினார்கள். பின் வரிசையில் இருப்பவருக்கும் தெரியவேண்டும் என்ற கவலை அது.

இதைவிட என் மனதைத் தொடுவது அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாறு. ஹுனைன் போர் முடிந்து நபியவர்கள் திரும்பும் வழியில் பாங்கு சொல்லப்படுகிறது. அப்பக்கம் வந்த இளைஞர்கள் சிலர் அதைக் கேலியாகத் திருப்பிச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அபூ மஹ்தூராவும் ஒருவர், இன்னும் இஸ்லாத்துக்கு வரவில்லை. நபியவர்கள் அவர்களை அழைத்து வரச் செய்து, உரத்துக் கேட்ட குரல் யாருடையது என்று விசாரித்தார்கள். எல்லோரும் இவரைக் கைகாட்டினார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு இவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். என்ன தண்டனையோ என்று நாம் நினைப்போம். பாங்கை ஒவ்வொரு வாசகமாகத் தாமே சொல்லிக்கொடுத்து அவரைச் சொல்லவைத்தார்கள். கொஞ்சம் வெள்ளி அடங்கிய ஒரு பையைக் கொடுத்தார்கள். அன்போடு தடவிக்கொடுத்து பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். அவர் மனதில் இருந்த வெறுப்பு அங்கேயே அன்பாக மாறியது. பிறகு மக்காவின் முஅத்தினாக நியமிக்கப்பட்டார். வகுப்பில் கேலி செய்பவனைத்தான் நாம் முதலில் வெளியே அனுப்புகிறோம். அவனுடைய குரல் நன்றாக இருக்கிறது என்று கவனிக்க அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார்கள்.

இன்னொருவர் வந்தார். குர்ஆனிலிருந்து எதையும் மனனம் செய்ய என்னால் முடியவில்லை, எனக்குப் போதுமான ஒன்றைக் கற்றுத்தாருங்கள் என்று கேட்டார். தஸ்பீஹும் தஹ்மீதும் தஹ்லீலும் தக்பீரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டன. அவர் அதோடு விடவில்லை. இவை அல்லாஹ்வுக்கு, எனக்கு என்ன என்று கேட்டார். அதற்கும் சிறிய ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. உனக்கு வராது, போ என்று அவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் திக்கும் பிள்ளையின் முதுகில் பிரம்பு விழும்போது அந்த ஹதீஸ் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இதெல்லாம் சரி, செல்போனும் திரையும் மதரஸாவுக்குள் வரலாமா என்று பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குர்ஆனை விரித்து ஸபர், ஸேர், பேஷ் குறிகளைப் பாருங்கள். ஆரம்ப கால முஸ்ஹஃபுகளில் அவை கிடையாது. அரபிகள் அல்லாதவர்கள் இஸ்லாத்துக்கு வந்து ஓதுவதில் பிழைகள் கூடியபோது, ஹிஜ்ரி 69-ல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலி அவர்கள் வேறு நிற மையில் எழுத்துக்கு மேலும் கீழும் பக்கத்திலும் புள்ளிகள் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நாம் இன்று பார்க்கும் குறிகளுக்கு அடிப்படை போட்டவர்கள் பிற்காலத்தில் வந்த பஸராவின் இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மத். புள்ளி வைப்பதை விரும்பாத முன்னோர்களும் இருந்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மூல முஸ்ஹஃபுகளில் அதை ஏற்கவில்லை, பிள்ளைகள் படிக்கும் சிறிய பிரதிகளில் மட்டும் குற்றமில்லை என்றார்கள். கற்பவனுடைய தேவைக்கு என்று தனியே ஓர் இடம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தஜ்வீத் சட்டங்களுக்கு நிறம் போட்டு இன்று அச்சிடுகிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் தமிழகத்திலும் இலங்கையிலும் நம் முன்னோர்கள் செய்தது என்ன? குர்ஆன் ஓத அரபு எழுத்து தெரியும், தமிழ் எழுத்து தெரியாது என்ற நிலையில் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத் தமிழ் என்று அதற்குப் பெயர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் மார்க்கச் சட்ட நூலை அப்படித்தான் எழுதினார்கள். அடுப்பங்கரை வரை ஃபிக்ஹ் போய்ச் சேர்ந்தது. வானொலி வந்தபோதும் அதே கதைதான். எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் 1961-ல் ஒலிப்பதிவாக வெளிவந்தது. 1964-ல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே வானொலி தொடங்கியது. காரி ஓத, சிறு பிள்ளைகள் பின்தொடர்ந்து ஓதும் பதிவுகளும் வந்தன. இன்று உங்கள் பிள்ளை செல்போனில் கேட்பது அதைத்தான்.

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. பதிவு பிள்ளைக்குச் சொல்லும், பிள்ளை சொல்வதைச் சரியாகக் கேட்காது. தமிழ் பேசும் நாக்குக்கு அலிஃபும் ஐனும் ஒன்றாகத்தான் வரும். ஸீனும் ஸாதும் ஒன்றாகிவிடும். நாக்கு எங்கே படுகிறது, தொண்டை எங்கே இறுகுகிறது என்று வாயைப் பார்த்துத் திருத்த ஓர் உஸ்தாத் வேண்டும். நபியவர்களே ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் நேருக்கு நேர் ஓதித்தான் பெற்றார்கள். செயலியை மட்டும் வைத்துப் பிள்ளையை ஓதவைத்துவிடலாம் என்று ஹஜ்ரத்தின் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் நிர்வாகிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதனால் ஹஜ்ரத்தின் குரலையே வீட்டுக்கு அனுப்புங்கள். அன்றைய பாடத்தை ஒரு நிமிடம் ஓதி வாட்ஸ்அப்பில் தாய்மார்களுக்கு அனுப்பினால் போதும். செல்போன் தாயின் கையில் இருக்கட்டும். பிள்ளை பத்து முறை கேட்கட்டும், பிறகு அவன் ஓதுவதைப் பதிவு செய்து திருப்பி அனுப்பட்டும். முப்பது பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் பிள்ளை, தாயின் மடியில் தயங்காமல் ஓதுவான். பார்த்துக் கற்கும் பிள்ளைக்கு இரண்டு வண்ணப் பென்சில்கள் வாங்கிக்கொடுங்கள், மத்து வரும் இடத்தில் ஒன்று, குன்னாவுக்கு ஒன்று. உட்கார முடியாதவனிடம் ஒளூவின் ஃபர்ளுகளைப் புத்தகத்தில் மனனம் செய்யச் சொல்லாதீர்கள், ஹவுளுக்குக் கூட்டிப்போங்கள். அறுபது வயதில் அலிஃப், பா தொடங்க வரும் பெரியவருக்குப் பெரிய எழுத்துக் காயிதா கொடுங்கள். பிள்ளைகளுக்கு நடுவில் அவரை உட்காரவைக்காதீர்கள், இஷாவுக்குப் பிறகு தனி நேரம் ஒதுக்குங்கள்.

பார்வையில்லாதவரை நாம் ஹாஃபிழாகவே நினைத்துப் பழகிவிட்டோம், கேட்டு மனனம் செய்துவிடுவார் என்று. எல்லோராலும் அது முடியாது. பிரெய்லில் குர்ஆன் இருக்கிறது, அரபு பிரெய்லை இடமிருந்து வலமாகத் தடவி ஓத வேண்டும். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தாலும் ஜமாஅத் வாங்கிக்கொடுக்கலாம்.

காது கேளாத சகோதரரைத்தான் நாம் அதிகம் மறந்திருக்கிறோம். வாரம் தவறாமல் ஜுமுஆவுக்கு வருகிறார், அரை மணி நேரம் ஒரு சொல்லும் சேராமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். சைகை மொழி தெரிந்த ஒருவர் மஹல்லாவில் இருந்தால் முதலில் அவரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் பயானின் சுருக்கத்தை எழுதி அனுப்பலாம். குத்பா நேரத்தில் செல்போனைப் பார்க்கச் சொல்லக் கூடாது. தரையில் கிடக்கும் சிறு கல்லைத் தொடுவதையே வீண் செயல் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. எனவே வியாழன் இரவே அவருக்கு அனுப்பிவிடுங்கள், படித்துவிட்டு வரட்டும். முதல் ஸஃப்பில், மிம்பருக்கு நேர் எதிரே அவருக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள், இமாமின் உதடு அங்கிருந்துதான் தெரியும்.