சுகர் நார்மல் என்றாலும் டேப்பை எடுங்கள்

"சுகர் இல்லை, பிரஷர் இல்லை, கொஞ்சம் தொப்பை மட்டும்தான்." நாற்பதைத் தாண்டியவர்கள் பரிசோதனை முகாம்களில் நிம்மதியாகச் சொல்லும் பதில் இது. வெறும் வயிற்றுச் சர்க்கரை நூறைத் தாண்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடம்பு இன்சுலினுக்குப் பணியாமல் போயிருக்கலாம்; இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துக்கொண்டிருப்பதால் சர்க்கரை ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். அதற்குள் ரத்தக்குழாயில் வேலை தொடங்கிவிடுகிறது. ஓர் அளவு டேப்பும் ஒரு லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டும் இருந்தால், இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நெஞ்சு வலியோ, நடந்தால் மூச்சு வாங்குவதோ இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அளக்கும்போது அக்கறை வரும். ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். இன்சுலின் வந்ததும் இந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிடும், குழாய் தளர்ந்து விரியும். (இந்த வாயுவின் பங்கைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.) இன்சுலின் எதிர்ப்பு வந்தால் இந்த வேலை படுத்துவிடுகிறது. ஆனால் அதே இன்சுலின் அதே செல்லைத் தூண்டிச் சுரக்கவைக்கும் எண்டோதீலின்-1 நிற்பதில்லை. அது குழாயைச் சுருக்குவது. கணையம் இன்சுலினைக் கூட்டக் கூட்ட, விரிக்கும் கை தளர்ந்து சுருக்கும் கை ஓங்குகிறது. இதயத்தின் தசைச் செல் சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் எரிக்கத் தெரிந்தது. இப்போது சர்க்கரை உள்ளே நுழைவது குறைவதால், மேலும் மேலும் கொழுப்பையே நம்பி ஓட வேண்டியிருக்கிறது. அதே அளவு சக்திக்கு அதிக ஆக்சிஜன் செலவாகிறது. எரித்தது போக மிஞ்சிய கொழுப்பு செல்லுக்குள்ளேயே துளித்துளியாகத் தங்கி அதைக் கெடுக்கிறது.

இதற்கெல்லாம் பெரும் ஊற்று குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு. எடை மெஷின் அதைக் காட்டாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் யட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான். உடற்கொழுப்பு மட்டும் பிரிட்டிஷ்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். ஆகவே எடையை விடுங்கள், வயிற்றை அளங்கள்.

இந்த அளவில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். '34' என்பவரின் பேன்ட் தொப்பைக்குக் கீழே இடுப்பெலும்பில் நிற்கிறது, தொப்பை பெல்ட்டுக்கு மேலே வழிந்து நிற்கிறது. பேன்ட் சைஸ் ஆண்டுக்கணக்கில் மாறாமலே வயிறு வளர முடியும். டேப்பையும் நம்பிவிடாதீர்கள். தையல் டேப் நாளாக ஆக நீளும். நீண்ட டேப் சுற்றளவைக் குறைத்துத்தான் காட்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

சட்டையைத் தூக்கிவிட்டு, விலாவின் கடைசி எலும்பைப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி, மறுபக்கமும் அதேபோல ஒரு புள்ளி. டேப் இந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போக வேண்டும். தொப்புளைக் குறியாக வைக்காதீர்கள்; வயிறு சரிந்தவர்களுக்குத் தொப்புளும் கூடவே சரிந்திருக்கும். முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கியிருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அடுத்தது மூச்சு. டேப் வயிற்றைத் தொட்டதுமே எல்லோரும் தம்மை அறியாமல் எக்கிவிடுவார்கள். இதற்கு எனக்குப் பிடித்த வழி, ஒன்று முதல் பத்து வரை சத்தமாக எண்ணச் சொல்வது. எண்ணி முடித்து, இயல்பாக ஒரு மூச்சு விட்டு முடிக்கும் கணத்தில் டேப்பைப் படித்துவிட வேண்டும்.

பெண்களுக்கு ஒரு கூடுதல் கவனம். பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். டேப் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும். அளவு குறைவாக வரும். நாடாவைத் தளர்த்திவிட்டு, மேலே சொன்ன புள்ளிகளை வைத்தே அளக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை. அத்துடன் வயிற்றின் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு 88 செ.மீ. இருந்தால் அதை நான் பாஸ் போட மாட்டேன்.

பிடரியையும் அக்குளையும் ஒரு பார்வை பாருங்கள். வெல்வெட் மாதிரி தடித்த கருமை இருந்தால் அது அழுக்கில்லை. பிள்ளைகளின் கழுத்தைப் பயத்தம்மாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருப்பது தோல் செல்களைத் தூண்டுவதால் பெரும்பாலும் இது வருகிறது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

லிப்பிட் புரொஃபைலுக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. பால் காபி குடித்துவிட்டால் அது வெறும் வயிறு இல்லை. முதல் நாள் இரவு கல்யாண விருந்தோ மதுவோ இருந்தால் வேறொரு நாள் போங்கள், ட்ரைகிளிசரைடு தாறுமாறாக ஏறியிருக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் மொத்தக் கொலஸ்ட்ராலையும் எல்.டி.எல்.லையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். இப்படி ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 178, ட்ரைகிளிசரைடு 190, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 106, சர்க்கரை 98. 'கொலஸ்ட்ரால் நார்மல், சுகர் நார்மல்' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஆனால் ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள், ஐந்தரைக்கு மேல் வருகிறது. மூன்றைத் தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டுவதும், எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே இறங்குவதும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும். கல்லீரல் கொழுப்பை ரத்தத்தில் கொட்டக் கொட்ட, எச்.டி.எல். சீக்கிரம் அழிகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகுகின்றன. 106 என்ற எண் இந்தப் பெருக்கத்தைச் சொல்லாது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் 144 வருகிறது. பொதுவாக 130-க்குள் இருக்க வேண்டியது அது. உங்களுக்கான இலக்கு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், அதை மருத்துவர் சொல்வார்.

ஃபாஸ்டிங் இன்சுலின் டெஸ்ட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். லேபுக்கு லேப் முறை மாறும், எண்ணும் மாறும். டேப்பும் இந்த வகுத்தல் கணக்கும் போதும்.

இனி செய்ய வேண்டியது. உடனே சமையல் எண்ணெய் பிராண்டை மாற்றுவதில் இறங்கிவிடுகிறார்கள். இந்தப் பிரச்சினைக்கு அது பக்க வேலை. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் நம் தட்டில் முன்னால் நிற்பது வெள்ளைச் சோறு, மைதா, சர்க்கரை, மது. சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்விலும் தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களிடம்தான் இந்தக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. சோற்றில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் போடுங்கள். இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் தாழ்சர்க்கரை வந்துவிடலாம், ஜாக்கிரதை. கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

நடையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள், கால் மணி நேரம் போதும். சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி வேண்டும். தசை கூடினால்தான் சர்க்கரைக்குப் போக்கிடம் கூடும். எடை இறங்கவில்லையே என்று ஒரு மாதத்தில் விட்டுவிடாதீர்கள். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. எடை பெரிதாகக் குறையாமலே, உணவும் நடையும் மட்டும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்திருந்தன.

மூன்று மாதம் கழித்து, அதே டேப், அதே புள்ளிகள், அதே லேப். ட்ரைகிளிசரைடு முதலில் இறங்கும், வயிறு அடுத்து, எச்.டி.எல். கடைசியாகத்தான் அசையும். ட்ரைகிளிசரைடு அசையவே இல்லை என்றால் தைராய்டையும் கல்லீரலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.