சூது ஒரு நோய். அதற்கும் வழி உண்டு



"கணக்குப் பாடம் வாழ்க்கையில் எங்கே உதவியது என்று எழுதுங்க" என்று கணக்கு டீச்சர் சொன்னார்கள். எனக்கு உதவியது நிகழ்தகவு. இது எங்க வீட்டுக் கதை. அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுது மக்களே, பேரு மட்டும் போடண்டாம்" என்றார்.

எல்லையில் நம்ம ஊர்

களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினால் இஞ்சிவிளை. அது கேரளம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்தது. கேரளத்திலோ 1967 முதல் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. அப்போது டிக்கெட் விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். 2025-ல் தினசரி டிக்கெட் 50 ரூபாயும் முதல் பரிசு 1 கோடியும் ஆனது. இந்தப் பக்கம் விற்றால் குற்றம், அந்தப் பக்கம் கடையிலேயே தொங்கும். நடக்கிற தூரம்தான்.

என் அப்பா பால்வெட்டுக்காரர். விடியுமுன்னே ரப்பர் தோட்டத்துக்குப் போவார். வேலை முடிந்ததும் நேரே எல்லை தாண்டி நாலு டிக்கெட் எடுப்பார். மூன்று மணிக்குக் குலுக்கல். அந்த நேரம் வீட்டில் யாரும் பேசக்கூடாது. மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனாலும் டிக்கெட் நிற்கவில்லை. வட்டிக்கு வாங்கினார். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது.

ஒருநாள் என் உண்டியல் காலியாக இருந்தது. எடுத்தது யாரென்று எனக்குத் தெரியும். அம்மா கேட்டபோது, "நான்தான் செலவு பண்ணினேன்" என்று பொய் சொல்லி அடி வாங்கினேன். அப்பாவைக் காப்பாற்றினதாக நினைத்தேன். அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

கணக்கைப் பார்ப்போம்

டிக்கெட்டில் ஆறு இலக்க எண் இருக்கும். 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண்கள். இப்படிப் பன்னிரண்டு வரிசை என்றால் 12 × 9 லட்சம் = 1 கோடியே 8 லட்சம் டிக்கெட். முதல் பரிசு ஒன்றே ஒன்று. ஆகவே நிகழ்தகவு 1/1,08,00,000.

தினமும் நாலு டிக்கெட் என்றால் வருஷத்துக்கு 1,460. வகுத்துப் பாருங்கள். முதல் பரிசு ஒரு தடவை விழுவதற்கே சராசரியாக 7,397 வருஷம் ஆகும்! அத்தனை டிக்கெட்டையும் ஒருவரே வாங்கினால் 54 கோடி ரூபாய் செலவாகும். சின்னப் பரிசு, பெரிய பரிசு எல்லாம் கூட்டினாலும் அந்தப் பணம் திரும்ப வராது. வந்தால் நடத்துகிறவர்களுக்கு வருமானம் எப்படி இருக்கும்?

"ஒரு நம்பரில் போச்சு" என்று அப்பா அடிக்கடி சொல்வார். குலுக்கலில் பக்கத்து எண் என்று ஒன்று கிடையாது. ஒரு எண் தள்ளிப் போனாலும், ஐந்து லட்சம் தள்ளிப் போனாலும் தோல்வி ஒன்றுதான்.

இந்தக் கணக்கை நோட்டில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார். "சரிதான்" என்றார். மறுநாளும் டிக்கெட் வாங்கினார்.

கணக்கு தெரியாமல் வாங்கவில்லை

அன்று பள்ளியில் அழுதுவிட்டேன். டீச்சர் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். அவர்கள் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பாடம்: சிலருக்குச் சூது குடி மாதிரியே ஒரு நோய். உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. எப்போதாவது 100, 500 என்று விழும். எப்போது விழும் என்று தெரியாததால்தான் மனசு விடாமல் இழுக்கும். திட்டினால் ஒளிந்து வாங்குவார்கள். நாம் கடனை அடைத்து மறைத்தால் புதுக் கடன் வரும். மகாபாரதத்தில் தருமரும் அறிவில்லாமல் ஆடவில்லை. திருவள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

உதவி கேட்ட விதம்

டீச்சரின் போனில் அம்மா 14416-க்குப் பேசினார்கள். இது 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்டவர் வராவிட்டாலும் வீட்டுக்காரர் பேசலாம். பிறகு மாமாவும் அம்மாவும் அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நம்ம மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று அப்பா முதலில் கோபப்பட்டார். டாக்டர் திட்டவில்லை. அதனால்தான் இரண்டாம் தடவை தானே போனார்.

டாக்டர் சொன்னவை:
1. கூலிப் பணம் அம்மா கையில் வர வேண்டும்.
2. கடன் எல்லாவற்றையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுத வேண்டும்.
3. டிக்கெட் கடை இல்லாத வழியாக வீடு திரும்ப வேண்டும்.
4. ஆசை வந்தால் அரை மணி நேரம் தள்ளிப்போட்டு, யாரிடமாவது பேச வேண்டும்.
5. பிள்ளைகள் பொய் சொல்லி மறைக்கக்கூடாது.

ஓணம் பம்பர் வந்தபோது அப்பா 500 ரூபாய்க்கு ஒன்று வாங்கிவிட்டார். ஆனால் அன்று ராத்திரியே அம்மாவிடம் தானே சொன்னார். டாக்டர், "விழுந்ததைப் பார்க்காதீங்க, எழுந்ததைப் பாருங்க" என்றாராம். கடன் இன்னும் தீரவில்லை. கம்மலும் திரும்பவில்லை. ஆனால் மூன்று மணிக்கு இப்போது எங்க வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

முடிவாக

போனில் பணம் கட்டி ரம்மி ஆடும் அண்ணன்மார் வீட்டிலும் இதே கதைதான். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே பண ஆன்லைன் விளையாட்டைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வாசலை அடைக்கும், மனசை ஆறவைக்க ஆள் வேண்டும். யாராவது "இனி வாழ்ந்து என்ன" என்று சொன்னால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். 1098-க்குப் பிள்ளைகள் நாமே பேசலாம்.

தோழிகளே, உங்க வீட்டிலும் இப்படி இருந்தால் வெட்கப்படாதீர்கள். ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். நான் ஆறு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி