லங்காவியில் தனிப் படகு: புறப்படுமுன்

சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்கு நடுவே தனிப் படகில் சுற்ற, திருப்பனந்தாள் பக்கத்துக்காரர்களுக்கு எட்டும் இடம் மலேசியாவின் லங்காவி. 2007-இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா வரிசையில் சேர்ந்த தீவுக்கூட்டம் இது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இன்னொரு விமானம்.

சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியே தோது. கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பள்ளி விடுமுறையான மே மாதத்தில் பதியாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம் அது.

வாடகை முழுப் படகுக்கா, தலைக்கா? எத்தனை மணி நேரம்? எரிபொருளும் சாப்பாடும் அதில் அடக்கமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா என்பதையும் கேளுங்கள். கிலிம் அலையாத்திக் காட்டுக்குப் போவதானால் கடல் ஏற்ற வற்ற நேரம் முக்கியம்: நீர் ஏறினால் தாழ்ந்த குகைவாயில் அடைபடும், வற்றினால் ஓடையில் படகு தரைதட்டும். கழுகுகளுக்குக் கோழித்தோல் வீசும் வேடிக்கை அங்கே வழக்கம். பறவைகளுக்கு அது கெடுதல்; வேண்டாமென்று படகுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குமட்டல் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, படகேறுமுன்பே போட வேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டால் பலன் குறைவு. பாஸ்போர்ட் அங்கே நுழையும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்ல வேண்டும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள்.