அரேயா, ஆப்ஜெக்டா? ஜாவாஸ்கிரிப்டில் கண்டறிவது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் பழகத் தொடங்கியிருக்கும் வாசகர்களுக்கு இந்த மாதம் ஒரு சின்ன விஷயம். ஒரு நாள் மாட்டிக்கொள்ளும் வரை நானும் இதைச் சின்னது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் (2022-இல் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்து கற்கருவிகள் எடுத்த அதே ஊர்) வாகன உதிரி பாகங்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றுக்கு, அன்றாட ஆர்டர்களைத் திரையில் காட்டும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். சில மாதங்கள் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் திரை காலி. ஸ்டோர்க்காரர் ஆர்டர் இல்லை என்று இருந்துவிட்டார். மாலையில் "புஷ் எங்கே?" என்று போன் வந்தது. இரவோடு இரவாக வேன் பிடித்து அனுப்பினார்கள். "உங்க புரோகிராம்ல ஒண்ணுமே வரலையே தம்பி" என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

காரணம் இதுதான். ஆர்டர்கள் எக்ஸ்எம்எல் ஃபைலாக வரும். அதை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றித் தரும் புரோகிராம், மூன்று பொருள் இருந்தால் அரேயாகத் தரும். ஒன்றே ஒன்று என்றால் வெறும் ஆப்ஜெக்டாகத் தந்துவிடும். அரே என்பது கம்பெனி பஸ் சீட் மாதிரி, எண் போட்ட வரிசை; எண் 0-இல் தொடங்கும். ஆப்ஜெக்ட் என்பது அடையாள அட்டை மாதிரி. பெயர், துறை என்று தலைப்பு போட்ட விவரங்கள். அரேக்கு 'லென்த்' உண்டு. சாதாரண ஆப்ஜெக்டுக்குக் கிடையாது. என் லூப் அந்த லென்த் வரை சுற்ற வேண்டும். லென்த் இல்லாததால் ஒருமுறைகூடச் சுற்றவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. அதுதான் ஆபத்து!

உடனே 'டைப்ஆஃப்' போட்டுப் பார்த்தேன். அரேக்கும் 'ஆப்ஜெக்ட்' என்றே பதில் வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் அரேயும் ஒருவகை ஆப்ஜெக்ட்தான். போதாததற்கு, ஒன்றுமில்லை என்று பொருள்படும் 'நல்' மதிப்புக்கும் அதே பதில்! இது 1995-இல் இந்த மொழி உருவானபோதே நுழைந்த பிழை. திருத்தினால் பழைய வலைப்பக்கங்கள் கெடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். 'இன்ஸ்டன்ஸ்ஆஃப் அரே' என்றும் சோதிக்கலாம். ஆனால் பக்கத்துக்குள் இருக்கும் வேறொரு ஃப்ரேமிலிருந்து வந்த அரேயை அது அரே இல்லை என்று சொல்லிவிடும்.

சரியான வழி 'அரே.ஈஸ்அரே'. 2009-இல் வெளியான எக்மாஸ்கிரிப்ட் 5 பதிப்பில் வந்தது. அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயரைக் கொடுத்தால் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்று சொல்லும். ஆங்கிலத்தில் டைப் செய்யும்போது இரண்டு 'அரே'க்களின் முதல் 'ஏ' மட்டும் பெரிய எழுத்து, நடுவில் உள்ள 'ஐ' சிறிய எழுத்து. மாறினால் வேலை செய்யாது. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, கன்சோல் பகுதியில் இப்போதே சோதித்துப் பாருங்கள்.

என் புரோகிராமில் முதலில் 'நல்' என்றால் காலி அரே வைத்தேன். அடுத்து, அரே இல்லை என்றால் வந்ததைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, ஓர் உறுப்புள்ள அரே ஆக்கினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்; மாற்றினால் 'நல்'லும் ஒரு ஆர்டராகத் திரையில் வந்து நிற்கும். மொத்தம் இரண்டே வரி. மறுநாள் காலை பட்டறைக்குப் போய், ஸ்டோர்க்காரர் எதிரிலேயே ஒற்றை ஆர்டர் ஃபைலைக் கொடுத்து ஓட்டிக் காட்டினேன்.