நோயாளிக்குத் துணை செல்வோர்

நோய் கண்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை நம் கிராம மக்களுக்கு இனி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், அங்குச் சென்றபின் நோயாளியின் சார்பில் பேசுபவர் யார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. நோயாளி பேசும் நிலையில் இரார். உடன் சென்ற உறவினரோ கலங்கி நிற்பார். நோய் எப்பொழுது தொடங்கிற்று, என்ன மருந்து உட்கொண்டார், முன்பு எம்மருந்தேனும் ஒவ்வாமற் போனதுண்டா என்று மருத்துவர் வினவும்பொழுது விடை கூற ஆளிராது.

இக்குறையை நீக்க ஊராட்சி முன்வரலாம். எழுதப் படிக்கத் தெரிந்த, நிதானமுள்ள சிலரைத் தெரிந்தெடுத்துத் துணை செல்வோராக அமர்த்தலாம். அவர்கள் மருத்துவம் பயின்றவர்களாக இருக்க வேண்டுவதில்லை.

வயலில் பாம்பு கடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 108 ஊர்திக்குச் சொல்லியனுப்பியதும், துணைவர் கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடிபட்ட இடத்தை இறுகக் கட்டவோ, கீறவோ விடலாகாது. பாம்பைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்துவிடுவார். வழியில் கண்ணிமைகள் சரிந்தனவா, விழுங்க இயலாமற் போயிற்றா, ஈறுகளில் இரத்தம் கசிந்ததா என்று கவனித்து, நேரத்துடன் எழுதிக்கொள்ளுதல் பெரும்பயன் தரும். பச்சிலைச்சாறு ஏதேனும் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமற் கூற வேண்டும். மருத்துவமனையில் சிறிது இரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பதுண்டு. இதனைச் சில மணி நேரம் கழித்து மீண்டும் செய்வர். வெளியே நிற்கும் உறவினர் இதை அறியாமல், "சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்" என்று சினந்து, நோயாளியை வேறிடத்திற்குத் தூக்கிச் செல்ல முற்படுவர். அவ்வேளையில் மருத்துவரிடம் கேட்டறிந்து உறவினருக்கு விளக்குவதும் துணைவரின் கடமையே. நோயாளிக்காகப் பேசுவது என்பது மருத்துவருடன் சண்டையிடுவதன்று.

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோரின் மாத்திரை அட்டைகள், பழைய மருத்துவச் சீட்டுகள், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுதல் நலம்.

அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்பொழுது, அது எதற்காக, அதனால் நேரக்கூடிய இடர் யாது, வேறு வழி உண்டா என்று தெளிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். நினைவோடிருக்கும் வயதுவந்த நோயாளிக்காகத் துணைவர் கையொப்பமிடுதல் தகாது. சோதனைக்கென அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கும் ஒப்புதலாகிவிடாது என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து நேரும்பொழுது மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

அவசர நிலையில் இடமில்லை என்று திருப்பியனுப்பினால் என் செய்வது? 1992-இல் மேற்கு வங்காளத்தில் விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவர் இரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்றார். அரசு மருத்துவமனைகள் பலவற்றிற்குக் கொண்டு சென்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. இறுதியில் தனியார் மருத்துவமனையில் ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவிட நேர்ந்தது. அவருடைய சங்கமே அவருடன் சேர்ந்து வழக்காடிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம், அவசரச் சிகிச்சையை மறுத்தது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமைக்கு மாறானது எனக் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. நிதியில்லை என்பதும் சாக்காகாது என்றது. ஆதலின், துணைவர் கூச்சலிடாமல் நிலைய மருத்துவ அலுவலரைக் கண்டு முறையிடலாம்; மறுத்த நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் மருந்து உண்ணும் வேளைகளையும் மீண்டும் வர வேண்டிய தேதியையும் கேட்டு எழுதிக்கொள்வது அவசியம். சிகிச்சைக் குறிப்பேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என 2002-ஆம் ஆண்டு மருத்துவ மன்ற விதிகள் கூறுகின்றன.

பெண்கள் பிரிவில் ஆடவர் தங்க இடமளிக்கமாட்டார்கள். ஆகவே ஊராட்சி தெரிந்தெடுக்கும் துணைவரில் பெண்களும் இருத்தல் வேண்டும். மகளிர் குழுக்களில் இதற்குத் தக்கவர் பலர் உள்ளனர். அவர்களுடைய பயணச் செலவை யார் ஏற்பது என்பதை முதற் கிராம சபைக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுதல் நன்று.